தரையிலிருந்து தொடங்கிய மரக் கட்டடம்: பெகு வட்டாரத்தில் ஒரு கலை வகுப்பு மண்டபம்

பின்னணி

பர்மாவில் 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, தமிழும் தமிழ்க் கலைகளும் பெரும்பாலும் கோயில் வளாகங்களுக்குள் ஒதுங்கிப் பிழைத்தன. இந்த ஆய்வில் வரும் ஊரும் அப்படிப்பட்டதுதான். பெகு வட்டாரத்தில் ரயில் பாதையை ஒட்டிய தமிழ்க் குடியிருப்பு அது. கோயிலுக்குப் பின்னால், காங்கிரீட் தரைமேல் நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. மாலை நேரங்களில் பரதம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், நாதஸ்வரம், தவில் எல்லாம் அந்த ஒரே கொட்டகைக்குள் நடந்தன. மழைக்காலத்தில் மாதத்தில் பாதி நாள் வகுப்பே நடக்காது.

கோயில் நிர்வாகக் குழு முதலில் கேட்டது இரண்டு மாடிக் காங்கிரீட் கட்டடம். மண்ணின் தன்மையும் நிலநடுக்க அபாயமும் கையில் கிடைத்த மரமும் சேர்ந்து அதை ஒரு தள மரக் கட்டடமாக மாற்றின. அந்த முடிவு எப்படி வந்தது, கட்டியபின் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை, வடிவமைப்புக் குழுவான நாங்கள், கீழே வரிசையாகத் தருகிறோம்.

இடத்தில் கண்டவை

மனை 60 அடிக்கு 90 அடி. மேலே களிமண், அதன் கீழ் இன்னும் மென்மையான களிமண். ஆகஸ்டில் ஒரு மூலையில் ஓர் அடிவரை தண்ணீர் தேங்கும். மழையின் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் பெய்துவிடும். அந்த ஐந்து மாதமும் காற்றிலேயே ஈரம் நிற்கும்.

நிலநடுக்கங்களை உண்டாக்கும் சகாயிங் நிலப்பிளவு பெகுவை ஒட்டித்தான் ஓடுகிறது. 1930 மே 5ஆம் தேதி நிலநடுக்கத்தில் பெகு நகரில் சுமார் ஐந்நூறு பேர் இறந்தார்கள், ஷ்வேமாடோ பகோடா சரிந்தது. 2025 மார்ச் 28ஆம் தேதி 7.7 அளவு நிலநடுக்கம் அதே பிளவில்தான் வந்தது. புயலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2008 மே மாதம் நர்கிஸ் வந்தபோது கூரைகள் கீழே நொறுங்கியதைவிட மேலே பிய்ந்து பறந்ததே அதிகம்.

வகுப்பில் கண்டவை வேறு வகை. நடன ஆசிரியை சொன்ன முதல் குறை மழையல்ல, கால்வலி. மூத்த மாணவிகள் பலருக்கு முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பு ஓரத்திலும் குதிகாலிலும் வலி. காங்கிரீட்டில் வெறுங்காலோடு தட்டடவு செய்தால் மிதியின் அதிர்ச்சி முழுவதும் காலுக்கே திரும்பும், தரை எதையும் வாங்கிக்கொள்ளாது. இரண்டாவது குறை, மழை தகரத்தில் விழும்போது நட்டுவாங்கத் தாளமும் சொல்கட்டும் பத்தடி தள்ளிக் கேட்காதது. மூன்றாவது, தவில் வகுப்பு நடக்கும்போது வாய்ப்பாட்டு வகுப்பு நடக்க முடியாதது.

இந்த மூன்று குறைகளில் முதலாவது தரையைப் பற்றியது. கலைக் கூடம் கட்டுகிறவர்கள் வழக்கமாக முகப்பையும் கூரையையும் வரைந்துவிட்டுத் தரைக்குக் கடைசியில் வருவார்கள். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்கினோம். தரை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்த பிறகே தூண்களின் இடைவெளி வரைபடத்தில் வந்தது. இந்தக் கட்டடத்தில் சரியாக அமைந்தவற்றில் பாதிக்கு இதுவே காரணம் என்பது எங்கள் கருத்து.

மரமா, காங்கிரீட்டா

5 அங்குலக் காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. உத்தரம், குறுக்குச் சட்டம், பலகை எல்லாம் சேர்த்தாலும் மரத் தரை 60 கிலோவுக்குள் அடங்கும். மென்களிமண்ணில் எடை குறைந்தால் அடித்தளம் சிறிதாகும். நிலநடுக்கத்தில் கட்டடத்தைத் தள்ளும் விசையும் எடையைப் பொறுத்ததே. சிமெண்டும் கம்பியும் விலையேறிய நேரம் என்பதும் குழுவின் மனத்தை மாற்றியது.

ஆனால் எந்த மரம் என்பது பர்மாவில் எளிய கேள்வி அல்ல. நின்ற தேக்கு எங்கிருந்தாலும் அரசுக்கே சொந்தம் என்றது 1992 வனச் சட்டம். 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதி நின்றது. 2016இல் பெகு யோமா மலைத்தொடரில் மரம் வெட்டப் பத்தாண்டுத் தடை வந்தது. ஊரின் மேற்கே தெரியும் அந்தக் காடு எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதற்கு அந்தத் தடையே சாட்சி. சந்தையில் புதுத் தேக்கு கிடைக்காமல் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு அதை வாங்குவதில்லை என்று குழு தீர்மானம் எழுதியது. அந்தத் தீர்மானத்தை எழுத்தில் வைத்தது பின்னால் உதவியது. அவசரத்தில் யாராவது மலிவான மரத்தைக் கொண்டுவரும்போது காட்ட ஒரு தாள் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஊர்க் குடும்பம் ஒன்று தங்கள் பழைய மர வீட்டைப் பிரித்துக் கொடுக்க முன்வந்தது. தூணும் உத்தரமும் பிங்கடோ என்னும் கெட்டியான பர்மிய மரம், பலகை தேக்கு.

பழைய வீட்டை அளந்தது

வீடு நின்றபடியே அளந்தபோது 620 கன அடி வந்தது. 50 கன அடியை ஒரு டன்னாகக் கொள்ளும் பர்மாவின் மரக் கணக்கில் பன்னிரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பிரித்துச் சுத்தம் செய்தபின் தேறியது 400 கன அடி, அதாவது எட்டு டன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு. பழைய மரத்தை நம்பித் திட்டமிடுகிறவர்கள் இந்த விகிதத்தை முதல் நாளே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

கழிவு எங்கே போனது? தூண்களை நேரே மண்ணில் புதைத்திருந்தார்கள். பிங்கடோவின் வைரப் பகுதியைக் கறையான் லேசில் தொடாது, ஆனால் மண்மட்டத்தில் நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி நிற்கும் இடம் எந்த மரத்துக்கும் ஆகாது. 16 அடித் தூண்களில் அடியில் 3 அடியை அறுத்தெறிய வேண்டியிருந்தது. மிஞ்சியது 13 அடி. உத்தரங்களில் பழைய பொருத்துத் துளைகள் நடு இடையில் இருந்தால் அந்த நீளம் பாரம் தாங்காது. ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரமேறாத வெளிமரம், இருந்த இடமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பலகைகளில் பழைய ஆணி. கண்ணுக்குத் தெரிந்த ஆணியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஒடிந்து நிற்கும் துண்டுகள் இழைப்பு இயந்திரத்தின் கத்தியைத் தின்றுவிடும். ஒவ்வொரு பலகையின் மேலும் வலுவான காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு நகர்த்தினார்கள். காந்தம் சாய்கிற இடத்தில் சுண்ணாம்புக் குறி வைத்துத் தோண்டி எடுத்தார்கள்.

பழைய வீட்டு மரமானாலும் தேக்குக்கு வனத் துறையின் சீட்டு இல்லாமல் வண்டி ஏற்றக் கூடாது. வீடு நிற்கும்போதே எல்லாப் பக்கமும் படம், துண்டுவாரியாக நீள அகலக் கனப் பட்டியல், வீட்டுக்காரரின் கையெழுத்து, ஊர் நிர்வாகத்தின் சாட்சி ஆகியவற்றை வைத்து விண்ணப்பித்தார்கள். பிரித்த பிறகு விண்ணப்பித்தால் குவித்து வைத்த மரம் எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க வழி இராது.

பற்றாக்குறைக்கு இரண்டு வழி எடுத்தோம். உட்சுவர்ப் பலகைக்கு, பால் வற்றி வெட்டிய தோட்டத்து ரப்பர் மரம். அதற்குப் போரான் மருந்து ஏற்றுவது கட்டாயம், வெளியே மழை படும் இடத்தில் போடக் கூடாது. தட்டிகளுக்கு மூங்கில். போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு, சேர்த்து 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ என்று கரைத்து, கணுக்களைத் துளைத்த மூங்கிலை ஒரு வாரத்துக்கு மேல் முழுக வைத்தார்கள். இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே மூங்கில் முழுவதும் கூரைக்கு உள்ளேதான்.

தரை

நடன மண்டபம் 30 அடிக்கு 40 அடி. முதல் வரைபடத்தில் தூண்கள் பத்தடிக்குப் பத்தடி. நீளவாக்கில் நாலு வரிசை 4 x 8 அங்குல உத்தரம், அவற்றின் குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக 2 x 6 அங்குலச் சட்டம். வீட்டுக்கு இது தாராளம். ஆட்டத்துக்குப் போதவில்லை.

எல்லாத் தரையும் தன் இயல்பான வேகத்தில் அதிரும். தன் சொந்த எடைக்கும் மேலே நிற்பவர்களின் எடைக்கும் தரை எத்தனை மில்லிமீட்டர் தொய்யும் என்று கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தால் 18ஐ வகுத்தால் அந்த வேகம் ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு இத்தனை அதிர்வு என்று, கிடைக்கும். முதல் வரைபடத்தில் சட்டம் 2.9 மி.மீ., உத்தரம் 3.3 மி.மீ., கூட்டினால் 6.2. விடை 7.2 ஹெர்ட்ஸ். 2010வரை நடப்பில் இருந்த பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 6399, ஆட்டத் தரையின் செங்குத்து அதிர்வு 8.4 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் தனி அதிர்வுக் கணக்கு தேவையில்லை என்றது.

அந்த 8.4ஐ அப்படியே எடுத்துக்கொள்வதும் இங்கே சரியல்ல. கூட்டமாக ஆடுகிறவர்கள் வினாடிக்கு அதிகபட்சம் 2.8 முறை குதிப்பார்கள் என்று அந்தத் தரநிலை கொண்டது. 8.4 அதன் மூன்று மடங்கு. பரதத்தில் கணக்கு வேறு. முதல் காலத்தில், அதாவது அடிப்படை வேகத்தில், வினாடிக்கு ஒரு மிதி என்றால் மூன்றாம் காலத்தில் நாலு. இருபது பிள்ளைகள் ஒரே தட்டுக்கழிக்கு ஒரே நொடியில் மிதிப்பார்கள், ஒத்து மிதிக்கத்தானே வகுப்பே நடக்கிறது. 4இன் இரட்டிப்பு 8. தரை 7க்கும் 8க்கும் இடையில் அதிர்ந்தால், மூன்றாம் காலத்தை எட்டும்போது மிதியும் தரையும் சேர்ந்துகொண்டு ஆடும். ஆகவே 10 ஹெர்ட்ஸைக் குறைந்தபட்ச இலக்காக வைத்தோம்.

சட்டத்தைத் தடிமனாக்கினால் மரம் கூடும். அதற்குப் பதிலாக உத்தரத்தின் ஒவ்வொரு பத்தடிக் கண்ணின் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின்) நடுவிலும் ஒரு குட்டைத் தூண் சேர்த்தோம். உத்தரத்தின் தாவல், அதாவது தாங்கிக்குத் தாங்கி உள்ள நீளம், பாதியானால் தொய்வு பதினாறில் ஒன்றாகும். 3.3 மி.மீ. 0.2 ஆனது, மொத்தம் 3.1, விடை 10.2 ஹெர்ட்ஸ். கூடுதலாகத் தேவைப்பட்டது 16 குட்டைத் தூண், ஒவ்வொன்றும் 13 அங்குல உயரம். பழைய வீட்டுத் தூண்களில் நீளம் போதாமல் கழித்த துண்டுகளே அதற்கு ஆயின. முழுக் கட்டடத்திலும் எங்களுக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

எலும்புக்கூடு விறைப்பாக இருக்க வேண்டும், மேல்தோல் இளக வேண்டும். சட்டங்களுக்குக் குறுக்கே, 16 அங்குல இடைவெளியில் 2 x 1½ அங்குல ரீப்பர். ரீப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில், பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டிய மூன்று அங்குலச் சதுர ரப்பர், 3/8 அங்குலத் தடிமன். ரப்பர் எல்லாச் சட்டத்திலும் வராது, ஒன்று விட்டு ஒன்றுதான். அடுத்த ரீப்பரில் அந்த வரிசை ஒரு சட்டம் தள்ளித் தொடங்கும். சுமார் 370 துண்டு ஆனது. இப்படிப் போட்டால் குதித்து இறங்கும் இடத்தில் தரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்து மீளும். ரப்பரை எல்லாச் சட்டத்திலும் போட்டுவிட்டு ‘ஸ்பிரிங் தரை’ என்று சொல்லும் வேலைகள் உண்டு. அங்கே ரீப்பர் வளைய இடமே இல்லை.

பலகை 5 அங்குல அகலம், இழைத்தபின் 7/8 அங்குலம். தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர், அசையவே அசையாது என்பதில்லை. ஏப்ரலில் மரத்தின் ஈரம் 10.5 விழுக்காடு, ஆகஸ்டில் 16.5. ஒரு விழுக்காட்டுக்கு அகலத்தில் ஏறத்தாழ 0.19 விழுக்காடு என்று எடுத்தால், ஐந்து அங்குலப் பலகை ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக விரியும். 40 அடி நீளத்தில் 96 பலகை வரிசை. கோடையில் இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தால் மழைக்காலத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேல் இடம் கேட்கும். கிடைக்காவிட்டால் நடுவில் கூடாரம்போல எழும்பிவிடும்.

மேஸ்திரியின் பழக்கம் நெருக்கி அடிப்பது. கையோடு ஈரமானியை வைத்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். 13 விழுக்காட்டில் 1 மி.மீ. இடைவெளி, சுவரோரம் முக்கால் அங்குலம். அந்த 1 மி.மீ. ஆகஸ்டில் ஏறத்தாழ மூடும், ஏப்ரலில் 1.6 வரை திறக்கும். வெறுங்காலுக்கு இது பொறுக்கும். ஆணி எங்கும் இல்லை, துளையிட்டு இறக்கிய ஸ்குரூ, மேலே மரக் கட்டை மூடி. மூடியைக் குடைந்து எடுத்தால் எந்தப் பலகையையும் தனியே கழற்றலாம். வார்னிஷ் கூடாது, வேர்வைக் காலுக்கு வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மிக மெல்லிசாக இரண்டு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். அவற்றைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகே எறிந்தார்கள்.

அடித்தளமும் கறையானும்

தூண், குட்டைத் தூண் எல்லாம் சேர்த்து மண்டபத்துக்கு 36 காங்கிரீட் பீடம், தரைமட்டத்துக்கு மேல் 18 அங்குலம். மேலே ஓரம் இரண்டு அங்குலம் கீழ்நோக்கி மடங்கிய துத்தநாகத் தகடு, அதன்மேல் தூணின் அடியைப் போல்ட்டால் பிடிக்கும் இரும்புச் செருப்பு, அதில் தூண். கறையான் தகட்டைத் தாண்ட முடியாது என்பதில்லை. தாண்டினால் மண் குழாய் வெளியே தெரியும், அதற்குத்தான் தகடு. அறுத்துப்போன 3 அடியின் உயரத்தில் பாதியையும் இந்தப் பீடங்கள் ஈடு செய்தன.

பர்மாவில் மரத்துக்குக் கச்சா எண்ணெய் பூசும் வழக்கம் பழையது, மடாலயங்களின் கறுப்பு நிறம் அதனால்தான். வெளித் தூண்களின் பலகைத் தரைக்குக் கீழான பகுதிக்கு மட்டும் அதை அனுமதித்தோம். பிள்ளைகள் மூச்சு விடும் அறைக்குள் அந்த வாடையும் தீப்பிடிக்கும் தன்மையும் வேண்டாம்.

கூரையும் ஒலியும்

மண்டபத்தின் நடுவில் தூண் கூடாது என்பதால் 30 அடித் தாவல், ஐந்து சட்டகம், 30 பாகைச் சரிவு. பழைய மரத்தில் 18 அடிக்கு மேல் நீளம் இல்லை. 30 அடி நீள அடிச்சட்டம் வேண்டுமென்றால் பெரிய காட்டு மரத்தைத்தான் வெட்ட வேண்டும். அடிச்சட்டத்தின் வேலை இழுவிசை தாங்குவது மட்டுமே, இங்கே அது 1,200 கிலோ அளவு. அதற்கு 20 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்று தாராளம் என்று கம்பி போட்டோம். பொறியாளர் ஒரு திருத்தம் சொன்னார். புயல் கூரையை மேலே உறிஞ்சும்போது அடிச்சட்டம் தள்ளுவிசை வாங்கும், கம்பி தள்ளாது, தளர்ந்துவிடும். எனவே கைமரங்களுக்கு இடையில் பாதி உயரத்தில் மரக் குறுக்குச் சட்டம் ஒன்றும், கைமரத்தையும் தூணையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையும் சேர்ந்தன.

மழை ஓசைக்கு மருந்து, தகரத்தை நேரடியாகத் தொட்டு நிற்கும் பொருள். தகரத்தின் கீழே இடம் விட்டுத் தொங்கும் சீலிங் ஓரளவுதான் உதவும், தகரம் தன் பாட்டில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அரை அங்குலப் பலகை, அதன்மேல் தென்னை நார்ப்பாய், அதன்மேல் தகரம் என்று படிய வைத்தார்கள். கனமழையில் இருபதடி தள்ளி நிற்பவருக்கு ஆசிரியையின் சொல்கட்டு கேட்கிறது. பெருமழையில் இன்னும் கேட்காது. இறவாரம் நாலு அடி.

மண்டபத்தின் கொள்ளளவு 440 கன மீட்டர். 4 x 5 அடி சன்னல் 14. திறந்த சன்னல் ஒலியை முழுக்க விழுங்கும் பரப்பு. அத்தனையும் திறந்திருந்தால் எதிரொலிப்பு நேரம், அதாவது ஓசை அடங்க ஆகும் நேரம், கணக்கில் ஒரு வினாடி, மூடினால் 1.6. மழையில் சன்னலை மூடினதும் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். பின்சுவர் முழுவதும் மூங்கில் தட்டி, அதன் பின்னால் இரண்டு அங்குல நார் அடைத்ததும் இதற்காகத்தான்.

தவிலைப் பலகைச் சுவரால் நிறுத்த முடியாது. ஒரு அங்குலப் பலகைக்கு அந்த எடை கிடையாது. வாத்திய அறைகள் இரண்டையும் 12 அடித் திறந்த நடைவழிக்கு அப்பால் தனிக் கட்டடமாக வைத்தோம். தரை எலும்புகளும் சேராததால் அதிர்வு தாண்டுவதில்லை. ஓசை தாண்டும். மீதியை நேர அட்டவணைதான் தீர்க்கிறது.

தீக்கு: இரண்டு வெளித்திறப்புக் கதவு, ஒவ்வொன்றும் ஆறடி. மின்கம்பி முழுவதும் இரும்புக் குழாய்க்குள். குத்துவிளக்கும் கற்பூரமும் சிமெண்டுப் பீடத்தின்மேல் மட்டும்.

கட்டிய வரிசை

குழுவுக்குச் சித்திரை முதல் நாளில் திறப்பு விழா நடத்த ஆசை. பர்மியப் புத்தாண்டான திங்யான் விடுமுறையும் அப்போதே வருவதால் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். வடிவமைப்புக் குழு மறுத்தது. சித்திரைக்குள் கூரை, கார்த்திகைக்கு மேல் தரை என்று வரிசை வைத்தோம். இடையில் வரும் மழைக்காலம் முழுவதும் பலகைகள் அந்தக் கூரையின் கீழேயே, அடுக்குக்கு அடுக்கு குச்சி வைத்துக் காற்றோட வேண்டும். சுவர் முடியாத கட்டடத்தில் தரை போட்டால் முதல் சாரலிலேயே பாழ். மனவருத்தம் இருந்தது. தலைவர் ஐயா கடைசியில் சித்திரையில் கூரைப் பூசை வைக்கலாம் என்று சொல்லி முடித்துவைத்தார். விஜயதசமி வகுப்பு தற்காலிக ஒட்டுப்பலகைமேல் நடந்தது.

எலும்புக்கூடு நின்றதும், பலகைக்கு முன்னால், குதிகால் சோதனை நடந்தது. ஒட்டுப்பலகைமேல் ஓர் ஆள் நுனிக்காலில் எழுந்து குதிகாலைப் பொத்தென்று இறக்க, பக்கத்தில் வைத்த கைபேசியின் அதிர்வுமானி பதிந்தது. செங்குத்தில் 9.8 வந்தது, கணக்குக்கு அருகில். பக்கவாட்டில்தான் சிக்கல், 3.5. நாலுக்குக் கீழ் கூடாது. பீடத்துக்கும் உத்தரத்துக்கும் இடைப்பட்ட உயரம் குட்டையாக இருந்தாலும் செருப்பு போல்ட்டுகள் அங்கே சற்றே அசைய இடம் கொடுத்தன. வெளிவரிசையில் ஆறு கண்களில் 2 அங்குல அகல, கால் அங்குலத் தடிமன் இரும்புப் பட்டையைக் குறுக்காகப் பூட்டியதும் 5க்கு மேல் ஏறியது. நிலநடுக்கத்தில் முதலில் வேலை செய்யப்போவதும் இந்தப் பட்டைகளே.

முதல் மழைக்காலம்

தரை போட்டு ஆறேழு மாதத்தில் ஒரு மூலையில் பலகைகளின் ஓரங்கள் எழும்பின. சுமார் எட்டடிக்குப் பத்தடி இடம். நடு தாழ்ந்து ஓரம் உயர்ந்ததால் மாணவிகளின் விரல் அடியில் தோல் உரிந்தது. மற்ற இடமெல்லாம் சமமாக இருந்தது.

காரணம் மேலே இல்லை, கீழே. விழா நாற்காலிகளை வைக்க அந்த மூலையில் தரைக்கு அடியில் மூன்று பக்கம் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். காற்று நின்றது, களிமண்ணின் ஈரம் உள்ளேயே தங்கியது. மானி பலகையின் மேல்பக்கத்தில் 16, கீழ்பக்கத்தில் 21 காட்டியது. கீழ்ப்பக்கம் விரிந்து மேல்பக்கம் விரியாவிட்டால் ஓரம் எழும்பும்.

உடனே இழைத்துச் சமமாக்கலாம் என்று யோசனை வந்தது. அதைத் தடுத்தோம். எழும்பிய ஓரத்தை ஈரத்தோடு இழைத்தால், காய்ந்து பலகை நேராகும்போது ஓரம் பள்ளமாகி நடு மேடாகும், பிறகு அதைத் திருத்த மரமே மிச்சம் இராது. தகரத்தைக் கழற்றி, அந்தப் பகுதியில் ஆடுவதை நிறுத்தி, மார்கழிவரை காத்தார்கள். பெரும்பாலான பலகைகள் தானாகப் படிந்தன. நாலு பலகை படியவில்லை. மூடியைக் குடைந்து ஸ்குரூவைக் கழற்றி மாற்றினார்கள். ஆணி அடித்திருந்தால் அந்த நாலுக்காகப் பத்துப் பலகை உடைந்திருக்கும்.

கால்வலி பற்றி எண்ணிக்கை எதுவும் எடுக்கவில்லை. வலி என்று வகுப்பில் உட்காரும் மாணவிகள் குறைந்துவிட்டார்கள் என்பது ஆசிரியையின் கூற்று. மழைக்கால வகுப்புகள் இப்போது நிற்பதில்லை. மூன்றாம் காலத்தில் முழு வகுப்பும் மிதிக்கும்போது தரை நடுங்குவதை உணரலாம், ஆனால் அது பெருகிக்கொண்டே போவதில்லை.

அடுத்து மாற்ற வேண்டியவை

நாற்காலிக்கு இடம் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும். சேமிப்பு அறை தராத கட்டடத்தில் மக்கள் கிடைத்த இடத்தை அடைக்கத்தான் செய்வார்கள். நடைவழியின் ஒரு முனையில் எட்டடிக்குப் பத்தடி அறை போதும்.

பீடச் செருப்பின் போல்ட்டுத் துளையை 1 மி.மீ.க்கு மேல் பெரிதாக்கக் கூடாது. போல்ட் வாஷர் இரண்டு அங்குலச் சதுரமாக இருக்கட்டும். மரம் சுருங்கியதும் எல்லாப் போல்ட்டும் தளர்ந்தன. முதல் இரண்டு ஆண்டும் மாசியில் ஒருமுறை முடுக்குவதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

கன்வேயர் பெல்ட் ரப்பர் ஒரே தரமாகக் கிடைக்கவில்லை. சில துண்டுகள் கெட்டியாக இருந்ததால் தரையில் ஆங்காங்கே உயிரில்லாத இடங்கள் இருக்கின்றன. போடும் முன் ஒவ்வொன்றையும் ஒரே எடையின் கீழ் அழுத்தி, அமுங்கும் அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். சுவரின் கீழ் மூன்றடி சாரலில் நனைகிறது. நாலடி இறவாரம் மேற்கிலும் தெற்கிலும் போதாது, அங்கே தாழ்வாரம் தேவை.

அதே தேக்கில் இழைத்த 20 பலகைகள் கூரைச் சட்டகத்தின்மேல் உள்ள பரணில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பலகையின் பட்டியலும் ஸ்குரூவின் அளவும் வரைபடத்தின் பிரதியும் கோயில் அலுவலக அலமாரியில் உள்ளன.